மல்லி நின்ற இடம்

2010 டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. மேற்கு டென்னசியில், சோயா அறுத்துவிட்ட ஒரு வயலின் ஓரம். காலை எட்டு மணி ஆகியும் புல் நுனியில் உறைபனி விலகவில்லை. என் நாயின் கழுத்துப்பட்டையில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடிதான். பக்கத்தில் ஆள் கிடையாது. அடுத்த பதினைந்து மாதம் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. கேட்டவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் என்னென்ன செய்தது என்பதை எழுத வேண்டுமென்று பல வருஷமாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் பறவை நாய்களின் களப்போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்பதே விளங்காது.

பிழைப்புக்காக மெம்ஃபிஸ் போய்ச் சேர்ந்தவன் நான். சரக்கு விமானங்களின் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் கணினி வேலை. 2006 பிப்ரவரியில், கூட வேலை பார்த்தவர் ஒருவர் கிராண்ட் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனார். மெம்ஃபிஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். சின்ன ஊர். அதையொட்டி ஏம்ஸ் பிளான்டேஷன், 18,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. ஹோபர்ட் ஏம்ஸ் என்ற மாசசூசெட்ஸ் தொழிலதிபர் 1901-ல் வாங்கிய நிலம். பறவை நாய்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் 1896-ல் மிசிசிப்பி மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட்டில் தொடங்கி, 1915 முதல் இந்த நிலத்தில் நிலைகொண்டது. அமெரிக்காவில் இந்த வகைப் போட்டி முதன்முதலில் நடந்ததும் எங்கள் மெம்ஃபிஸில்தான், 1874 அக்டோபரில். ஜெயித்தது நைட் என்ற கறுப்பு செட்டர் நாய். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1865-ல், இங்கிலாந்தின் சவுத்ஹில்லில் முதல் களப்போட்டி நடந்துவிட்டது. இதெல்லாம் பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்தது. முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு குதிரையை வாடகைக்கு எடுத்து, பிடிவாரை இறுகப் பற்றிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன்.

இரண்டு மணி நேரம் மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருந்தோம். திடீரென்று தூரத்து மேட்டில் ஒருவர் தொப்பியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். அத்தனை குதிரைகளும் நின்றன. செம்பழுப்புப் புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளை நாய். வால் செங்குத்தாக வானத்தைப் பார்க்க, தலை காற்றை எதிர்த்து உயர்ந்திருக்க, ஒரு முன்னங்காலை ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் ஆள் குதிரையைவிட்டு இறங்கி, நாயைத் தாண்டி நடந்துபோய், காலால் புல்லைத் தட்டினார். தார்ப்பாயைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பன்னிரண்டு பதிமூன்று காடைகள் நாலா பக்கமும் சிதறிப் பறந்தன. அவர் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார். வெறும் வெடிதான், குண்டு கிடையாது. பறவை எதுவும் சாவதில்லை. இத்தனைக்கும் அந்த நாய் ஓர் அங்குலம் நகரவில்லை. பறந்து போகிறவற்றைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்துகொண்டு நின்றது.

ராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் கிராமம் என்னுடையது. சின்ன வயதில் பார்த்த நாய்கள் சிப்பிப்பாறையும் நாட்டு நாய்களும். முயலைக் கண்ணால் கண்டு, துரத்தி, பிடிப்பதில்தான் அவற்றின் பெருமை இருந்தது. எட்டிப் பிடித்துவிடும் தூரத்துக்குப் போய், பிடிக்காமல் நிற்கிற நாயை அன்றுதான் பார்த்தேன். பாய்வதற்கு முன்னால் எந்த வேட்டை மிருகமும் ஒரு கணம் உறையும் அல்லவா? அந்த ஒரு கணத்தைப் பிடித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்து, நிமிஷக்கணக்காக நீட்டியிருக்கிறார்கள். அதுதான் ‘பாயிண்ட்’. பாயிண்ட்டர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாய் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

போட்டி விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் குலுக்கி நாய்களை ஜோடி ஜோடியாக விடுவார்கள். ஜோடியை ‘பிரேஸ்’ என்பார்கள். ஒவ்வொரு நாய்க்கும் குதிரைமேல் ஒரு ஹேண்ட்லர், உதவிக்கு ஒரு ஸ்கவுட். நாய் கண்ணுக்கு மறைந்தால் தேடிக் கண்டுபிடிப்பது ஸ்கவுட்டின் வேலை. இரண்டு நடுவர்கள் குதிரையில் கூடவே வருவார்கள். இளம் நாய்களின் ‘டெர்பி’க்கு அரை மணி நேரம், வளர்ந்த நாய்களுக்கு வழக்கமாக ஒரு மணி நேரம், கிராண்ட் ஜங்ஷன் தேசிய சாம்பியன்ஷிப்பில் மூன்று மணி நேரம். ஜோடி நாய் பாயிண்ட்டில் நிற்பதைப் பார்த்தால் இந்த நாயும் இருந்த இடத்திலேயே நின்று மரியாதை செய்ய வேண்டும். பறவை எழும்போதும் வெடிக்கும்போதும் அசையக் கூடாது. நாய் நிற்கிறது, ஹேண்ட்லர் தொப்பியைத் தூக்கிக் குரல் கொடுக்கிறார், நடுவர் வருகிறார், எவ்வளவு தட்டியும் பறவை எழவில்லை என்றால் அது ‘அன்புரொடக்டிவ்’. நான் மனசுக்குள் வைத்துக்கொண்ட பெயர் வெறும் பாயிண்ட். ஒன்றை நடுவர்கள் மன்னிப்பார்கள். இரண்டாவது வந்தால் முகம் மாறும். மூன்றாவதோடு பெரும்பாலும் நாயைக் கட்டிக் கூட்டிப்போகச் சொல்லிவிடுவார்கள்.

மல்லி என்னிடம் வந்தது 2007 கோடையில். கொடுத்தவர் கிராண்ட் ஜங்ஷனுக்குத் தெற்கே, மிசிசிப்பி எல்லையை ஒட்டி 300 ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாலிபத்தில் பெரிய பயிற்சியாளர்களிடம் ஸ்கவுட்டாகக் குதிரை ஓட்டியவர். கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் ஸ்கவுட் வேலையில் அவர்கள்தான் அதிகம். நாயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, பரிசு கொடுக்கும்போது பின்வரிசையில் நின்றதைத் தன் வாயால் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். நான் அவரை ‘சார்’ என்பேன், அந்த ஊர் வழக்கம் அது. அவர் என்னை ‘சன்’ என்பார். முதலில் எனக்குக் குட்டி கொடுக்க அவருக்கு மனசில்லை. நகரத்தில் இருக்கிறவன், குதிரை ஏறத் தெரியாதவன், வேலைக்குப் போகிறவன். நாலு வாரம் சனிக்கிழமை தவறாமல் போய் அவருடைய நாய்க்கொட்டில்களைக் கழுவிக் கொடுத்தேன். ஐந்தாவது வாரம், தான் வைத்திருந்த தாய் நாய்களிலேயே நல்ல ஒன்றின் ஈற்றிலிருந்து, வெள்ளை உடம்பும் ஈரல் நிறத்தில் ஒரு காதும் கொண்ட பெட்டைக் குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். களத்தில் கத்திக் கூப்பிட இரண்டு அசையில் பெயர் வேண்டும் என்றார். என் மகள் மல்லி என்று வைத்தாள்.

அந்தப் பெரியவரின் நிலத்தில் காட்டுக் காடைகள் இருந்தன. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது. பாப்வைட் காடை ஒரு காலத்தில் அமெரிக்கத் தெற்கில் வேலிக்கு வேலி இருந்த பறவை. 1966-க்குப் பிறகு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வேலியோரப் புதர்களை வழித்து உழுததும், புல்வெளிகளை நெருப்பு தொடாமல் விட்டதும் முக்கியமான காரணங்கள். காடைக் குஞ்சு உங்கள் கட்டைவிரல் பருமன்தான். அடர்ந்து மண்டிய புல்லுக்குள் அதனால் நடக்க முடியாது. ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் ஜார்ஜியாவில் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, அவ்வப்போது தீ வைக்காவிட்டால் இந்தப் பறவை நிலைக்காது என்பதை 1931-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அதைப் பெரியவர் படித்திருந்தாரா தெரியாது. குளிர்கால முடிவில் தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை எரித்து அடுத்ததை விட்டு, தன் அப்பா செய்ததை அவரும் செய்துகொண்டிருந்தார். அதனால் அவருக்குப் பறவைக் கூட்டங்கள் மிஞ்சின.

எனக்கு அந்த வசதி இல்லை. வார நாட்களில் நான் பழக்கியது பண்ணையில் வளர்த்த காடைகளை வைத்து. ‘ஜானி ஹவுஸ்’ என்று ஒரு மரக்கூண்டு. பத்துப் பறவைகளைப் புல்லில் விட்டுவிட்டு நாலைந்தைக் கூண்டுக்குள்ளேயே வைத்தால், சாயங்காலம் உள்ளே இருப்பவை கூப்பிட, வெளியே போனவை திரும்பி வந்து நுழைந்துகொள்ளும். கையால் தீனி தின்று வளர்ந்த பறவை ஓடாது. விட்ட இடத்திலேயே பம்மி உட்காரும். நாய் நின்றால் பறவை அதன் மூக்கிலிருந்து பத்தடிக்குள் இருக்கும். தட்டினால் எழும். நூறு தடவை, இருநூறு தடவை அப்படித்தான் நடந்தது. நாய் நின்ற இடத்துக்கு முன்னால் பத்தடி என்பது என் காலுக்குப் பழகிவிட்டது.

காட்டுப் பறவை அப்படி இருக்காது. நாயின் வாடை தெரிந்ததும் புல்லுக்கு அடியில் கூட்டமாக நடக்க ஆரம்பிக்கும். நல்ல காற்றும் ஈரமும் இருந்தால் நல்ல மூக்குள்ள நாய் மிகத் தொலைவிலேயே நின்றுவிடும். இன்னும் கிட்டே போனால் அவை பறந்துவிடும் என்று அதற்குத் தெரியும். பெரியவர் இதை எனக்குச் சொல்லாமல் இல்லை. கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களிலேயே சொன்னார். இன்னொன்றும் சொன்னார், விரலை நீட்டிச் சொன்னார்: மின்பட்டையைக் கையில் வைத்துக்கொள், ரோட்டுப் பக்கம் ஓடினாலோ மானைத் துரத்தினாலோ பயன்படுத்து, பறவை இருக்கிற இடத்தில் மட்டும் அதைத் தொடாதே. பறவையின் பக்கத்தில் வலி வந்தால், வலியைக் கொடுத்தது பறவைதான் என்று நாய் நினைத்துக்கொள்ளும்.

மல்லி நன்றாக வந்தாள். 2008 இலையுதிர்காலத்தில் ஒரு டெர்பியில் இரண்டாம் இடம். சிவப்பு ரிப்பன். அதை அலுவலக மேஜையில் மாட்டி வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குள் ஒன்று புகுந்தது. ஆசை என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்தக் களங்களில் என் நிறத்தில் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை குதிரை ஏறும்போதும், இவன் எதற்கு இங்கே என்று யாரோ நினைப்பதாக எனக்கே ஒரு நினைப்பு. அந்தக் கேள்விக்கு என் சார்பில் மல்லி பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஐம்பது பவுண்டுகூட இல்லாத ஒரு நாய் சுமக்கிற பாரமா அது?

2010 நவம்பரில் ஓர் அமெச்சூர் போட்டி. வளர்ந்த நாய்களின் பிரிவு, ஒரு மணி நேரம். இருபதாவது நிமிஷம் மல்லி ஓடைக்கரையில் நின்றாள். தொப்பியைத் தூக்கினேன். பறவை இல்லை. முப்பத்தைந்தாவது நிமிஷம் காட்டு பிளம் புதரோரம் நின்றாள். இல்லை. நாற்பத்தெட்டில் மூன்றாவது. நடுவர் பண்பானவர், குரலைக்கூட உயர்த்தவில்லை. நன்றி, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நாயைக் கயிற்றில் கட்டி, குதிரைக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடத்திக்கொண்டு வந்த அந்த ஒரு மைலில், வழியில் என்னைக் கடந்து போனவர்கள் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்கள். ஆறுதலாகத்தான். எனக்கு அது நெருப்பாகச் சுட்டது. என் நாய் பொய் சொல்கிறது என்று மனசில் பதிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, பெரியவருக்குத் தெரியாமல், தெரிந்தவர் ஒருவரின் வயலுக்கு அவளைத் தனியாகக் கூட்டிப்போனேன். பட்டையின் அதிர்ச்சி அளவைக் காட்டும் எண்ணை வழக்கத்தைவிட மூன்று படி கூட்டி வைத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் கை பட்டுவிட்டது என்று பின்னாளில் நானே எனக்குச் சொல்லிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். வீட்டில் காபி குடித்துக்கொண்டே எண்ணைக் கூட்டினேன்.

அவள் வயலோரப் புல்லில் நின்றாள். காற்று எதிர்முகம். வால் நிமிர்ந்து, முதுகு நாண்போல விறைத்து, மூக்கு மட்டும் நுனியில் துடித்துக்கொண்டிருந்தது. நான் போய் அவளுக்கு முன்னால் பத்தடியைத் தட்டினேன். இடம் வலம் தட்டினேன். ஒன்றும் இல்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினேன்.

அவள் கத்திய அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னால் அந்தத் தார்ப்பாய் கிழிந்தது. ஒரு முழுக் கூட்டம். பிறகு எட்டு வைத்து அளந்து பார்த்தேன்: அவள் நின்ற இடத்திலிருந்து 40 அடி.

மல்லி வந்து என் பூட்ஸ் மேல் படுத்துக்கொண்டாள். உடம்பு நடுங்கியது. வலித்தால் என்னிடம் வருவதுதான் குட்டியிலிருந்து அவளுக்குப் பழக்கம்.

அடுத்த ஜனவரியில் இன்னொரு போட்டி. பெரியவரே எனக்கு ஸ்கவுட்டாகக் குதிரையில் வந்தார். மல்லி அழகாக ஓடினாள். எங்கள் குதிரைகளுக்கு வெகு முன்னால், சரியான ஓரங்களை, சரியான வளைவுகளைத் தொட்டுப் போனாள். ஒரு மணி நேரம் முடிந்தது. ஒரு பறவைகூட இல்லை. நடுவர் ஒருவர், அதிர்ஷ்டம் இல்லை, நல்ல ஓட்டம் என்றார். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தார். லாரிக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டிய பிறகு சொன்னார். தூரத்து மேட்டில், ஒரு பிளம் புதரின் முன்னால் அவள் ஓட்டத்தைக் குறைத்தாளாம். வால் ஒரு தரம் சொடுக்கியதாம். அப்புறம் தலையைத் திருப்பி, புதரைச் சுற்றி அகலமாக வளைந்து, ஒன்றும் தெரியாததுபோல ஓடிவிட்டாளாம். அவர் குதிரையைப் புதருக்குள் விட்டிருக்கிறார். பதினோரு காடை எழுந்தது.

“பிளிங்க் பண்ணுகிறாள்” என்றார்.

பறவை நாய் வளர்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் வார்த்தை அது. பறவை இருப்பது மூக்குக்குத் தெரிந்தும், தெரியாததுபோல விலகிப் போவது. வேகம் இல்லாத நாயை மன்னிப்பார்கள், முரட்டு நாயைத் திருத்துவார்கள். பிளிங்க்கருக்கு அந்த உலகத்தில் இடமில்லை. பெரும்பாலும் மனிதன் உண்டாக்குகிற நோய் அது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

“பறவை இருந்த இடத்தில் இவளுக்கு ஏதாவது நடந்ததா, சன்?”

“இல்லை சார்.”

இன்னொரு தரம் கேட்டார். பட்டை, துப்பாக்கிச் சத்தம், அடி, ஏதாவது? நான் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். “எதுவுமே இல்லை சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் பேச்சை நம்பிவிட்டார். அப்படியானால் ரத்தத்தில் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, வெட்கம். தான் கொடுத்த நாயில் குறை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு குட்டி தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

நேர்மையான மனிதர் ஒருவர் ஒரு பொய்யை நம்பினால் அதை வைத்து என்ன செய்வார் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. அவர் மல்லியின் கூடப் பிறந்த குட்டிகளை வாங்கிய மூன்று பேருக்கும் தானே போன் செய்து, இந்த வழியில் பிளிங்க் வந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டார். அதில் ஒருவர் தன் நாயைப் போட்டியிலிருந்து எடுத்து வேட்டைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். கென்டக்கியில் ஒரு நல்ல ஆண் நாயோடு மல்லியின் தாயை இணைசேர்க்க ஏற்பாடு ஆகியிருந்தது. அதை ரத்து செய்தார். மார்ச் மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். தாய் நாய் எங்கள் காலடியில் படுத்திருந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஐஸ் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கோடையில் அதற்குக் கருப்பையை எடுத்துவிட்டார்.

என்னைப் பேசவைத்தது ஒரு சின்ன விஷயம். 2012 பிப்ரவரி, உள்ளூர்ப் போட்டி ஒன்று, நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஒருவரின் நாய் நின்றது. பறவை எழுந்தது, வெடித்தார். நடுவர் இருவரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாய் நாலடி முன்னால் போய் நின்றுவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை. நாய் அழகாக நிற்பதாகவே எல்லோரும் நினைத்தோம். அவர் துப்பாக்கியை உறையில் போட்டார், நடுவரிடம் போய், “நகர்ந்துவிட்டது” என்று ஒரு வார்த்தை சொன்னார், நாயைக் கட்டினார், குதிரையில் ஏறினார். அன்றைக்கு அதுவரை ஓடிய நாய்களில் அதுதான் முதல். ஜெயிக்க வேண்டிய நாய். எனக்கு முன்னால் இருந்த கிழவர் ஒருவர் அவருக்குத் தொப்பியைத் தொட்டார். யாரும் இதை ஒரு பெரிய சங்கதியாகப் பேசவில்லை. அடுத்த ஜோடியை அழைத்துவிட்டார்கள். எனக்குக் குதிரைமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மார்ச் முதல் வாரம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கொட்டிலில் நாய்களுக்குத் தீனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே நடந்தபடி சொன்னேன். எண்ணைக் கூட்டி வைத்தது, பத்தடியைத் தட்டியது, அழுத்தியது, அவர் கேட்டபோது இல்லை என்றது. அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டாக அள்ளி வைத்துக்கொண்டே போனார். கடைசி நாய் சாப்பிட ஆரம்பித்த பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

“பறவை எவ்வளவு தூரத்தில் எழுந்தது?”

“40 அடி சார்.”

“காற்று?”

“எதிரே.”

“அப்படியென்றால் அவள் சரியாகத்தான் நின்றிருக்கிறாள்.”

வீட்டுக்குள் போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அவர் வளர்த்த ஒவ்வொரு ஈற்றும் அதில் இருந்தது, முப்பது நாற்பது வருஷக் கணக்கு. தாய் நாயின் பக்கத்தைத் திருப்பினார். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. ரப்பரால் அழித்தார். மூன்று நான்கு தரம் தேய்த்தும் எழுத்தின் தடம் தாளில் தெரிந்தது. மல்லியின் தாய் படியேறி வந்து அவர் கையை நக்கியது. அதற்கு ஒன்பது வயது ஆகிவிட்டிருந்தது. இனி அதற்குக் குட்டி கிடையாது என்பதை நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று பேரின் போன் எண்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். நாயை விற்றவர், நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் வைத்தது நியாயம்.

பெரியவர் இரண்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. மே மாதம் ஒரு நாள் போன் செய்து, அவளைக் கூட்டி வா என்றார்.

பட்டை, நீளக் கயிறு, நாயை நிற்கச் சொல்லும் ‘வோ’ என்ற கட்டளை எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போடச் சொன்னார். அவளைப் புல்வெளியில் விட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவர் ஒரு வீட்டுப் புறாவைக் கையிலிருந்து பறக்கவிடுவார். அவ்வளவுதான் பாடம். முதல் நாள் புறா சிறகடித்ததும் மல்லி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அப்படியே. போட்டி நாய் பறவையைத் துரத்தக் கூடாது என்பதற்காக வருஷக்கணக்கில் உழைப்போம். நாங்களோ, இவள் ஒரே ஒரு தரம் துரத்தமாட்டாளா என்று சனிக்கிழமை சனிக்கிழமையாகக் காத்திருந்தோம். ஜூலை கடைசியில் ஒரு புறா தாழப் பறந்தது. மல்லி ஓரடி வைத்தாள், நின்றாள், பிறகு பாய்ந்தாள். வயலின் கடைசிவரை, வேலிவரை, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு துரத்தினாள். பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபரில் பண்ணைக் காடைகளுக்கு முன்னால் அவளாகவே நிற்க ஆரம்பித்தாள். போட்டிக்கு நான் அவளை மறுபடி கொண்டுபோகவில்லை. போயிருந்தால் சமாளித்திருப்பாள் என்று பெரியவர் சொன்னார். அவளிடம் அதைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

2014 பிப்ரவரியில், பெரியவர் நிலத்தில், முந்தின வருஷம் எரித்து முளைத்த ஒரு துண்டில் மல்லி நின்றாள். காட்டுப் பறவை. அவர் குதிரைமேல் சற்றுத் தள்ளி நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அவளைத் தாண்டி நடந்தேன். பத்தடி, எதுவும் இல்லை. இருபது. முப்பது. திரும்பிப் பார்க்காமல், புல்லைத் தட்டாமல், அவள் மூக்கு காட்டிய கோட்டிலேயே நடந்தேன். ஐம்பதடி தாண்டியிருக்கும், என் பூட்ஸுக்கு முன்னால் கூட்டம் எழுந்தது.

பறவை எழுந்தால் நல்ல பாயிண்ட்டர் அவை போகிற திசையைக் கண்ணால் பின்தொடரும், எங்கே இறங்குகின்றன என்று குறித்துக்கொள்ளும். குட்டியிலிருந்து மல்லியும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். திரும்பி அவளைப் பார்த்தேன். கால் நகரவில்லை, வால் நிமிர்ந்தபடியே இருந்தது. பறவைகளை அவள் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். எத்தனையோ கூட்டங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பார்வை இருந்தது. அவள் நிற்கும்போதெல்லாம் நான் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, குளிரானாலும், இரண்டு உள்ளங்கைகளையும் அவளுக்குத் தெரிகிறமாதிரி விரித்து வைத்துக்கொண்டு நடப்பேன்.